குண்டடத்தில் இறங்கியவள்

ஜூன் 1, ஞாயிறு

இந்த டைரி, நான் ஓய்வு பெற்ற அன்று யூனியன்காரர்கள் சால்வையோடு சேர்த்துக் கொடுத்தது. நாலு மாதமாக அலமாரியில் கிடந்தது. முதல் பக்கத்தில் என் மனைவி மயிலாத்தாள் கொள்ளுப் பொடிக்கு என்னென்ன எத்தனை பிடி என்று எழுதி வைத்திருக்கிறாள். அதைக் கிழிக்க எனக்குத் தைரியம் இல்லை. தாண்டி வந்து இங்கே தொடங்குகிறேன்.

தொடங்கக் காரணம், வண்டி வந்துவிட்டது. க்ரூஸர் பைக், முழுக் கறுப்பு. முப்பத்தொரு வருடம் தாராபுரம் டெப்போவில் பஸ் ஓட்டியவன் நான். எத்தனை பெரிய பஸ்ஸையும் ஒடித்துத் திருப்பிவிடுவேன், ஆனால் என் உயரத்துக்கு சாதாரண பைக்கில் கால் எட்டாது. இதில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் சப்பென்று பதிகின்றன. அறுபது வயதில் இந்தச் சுகத்தை அனுபவிக்கிறேன், யார் கண்ணும் பட வேண்டாம்.

மயிலா ஆரத்தி எடுத்தாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எருமக்கெடா மாதிரி நல்லாத்தான் இருக்குதுங்" என்று சொல்லி உள்ளே போனாள். ஒரு ரவுண்டு போகலாமா என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவள் என் வண்டியில் ஏறுவது கிடையாது. காரணம் குண்டடம். அதைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை.

ஜூன் 4, புதன்

வேலையை ஆரம்பித்துவிட்டேன். கம்பெனிக்காரன் கொடுத்தபடியே ஓட்டினால் அது எப்படி நம் வண்டி ஆகும்? செல்போனில் நாற்பது வீடியோ பார்த்தாயிற்று. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பின் சீட்டைக் கழற்று, ஒற்றை சீட் வை, வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும். வாசல் நிழலில் பழைய போர்வையை விரித்து, ஸ்பேனர் செட்டைப் பரப்பி, பின் சீட்டைக் கழற்றினேன். அதோடு சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் போட்ட கம்பித் தடுப்பையும் கழற்றினேன். அது பார்க்கக் கோழிக்கூண்டு மாதிரி இருந்தது.

மயிலா டீ கொண்டுவந்தாள். வண்டியைப் பார்த்தாள், போர்வையில் கிடந்த சீட்டைப் பார்த்தாள்.

"ஏனுங், இனி ஒருத்தருதான் உக்காரோணுமா?"

"இதுதான் ஸ்டைல்."

"நல்லதாப் போச்சுங். இனி எங்கியும் விட்டுப்போட்டுப் போறதுக்கு ஆளே இருக்காது பாருங்."

டீயில் சர்க்கரை கம்மி.

ஜூன் 5, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 9, திங்கள்

புது சைலன்சர் கூரியரில் வந்தது. மாட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு வாஷர் மிச்சம். "பஸ்ஸுலயும் இப்படித்தான் மிச்சமாவுமுங்களா?" என்று மயிலா கேட்டாள். ஸ்டார்ட் செய்தேன். ஆஹா! வாசலில் இருந்த கோழிகள் நாலும் மதில் ஏறின. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது.

மயிலா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். நிறுத்தினேன்.

"பின்னால உக்காந்து ஒருத்தரு பேசுனா, இந்தச் சத்தத்துல உங்களுக்கு என்னங் கேக்கும்?"

"பின்னால யாரும் உக்காரப் போறதில்லையே."

"அதுவுஞ் சரிதானுங். சத்தமில்லாத வண்டியிலயே கேக்கல."

உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த என் பதக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். விபத்தில்லாமல் இருபத்தைந்து ஆண்டு பஸ் ஓட்டியதற்குக் கொடுத்தது. அவளுக்கு என்மேல் ஏதாவது வருத்தம் இருந்தால் அந்தப் பதக்கத்தைத் துடைப்பாள். இன்று பளபளவென்று ஆகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

சுல்தான் பாய் வந்திருந்தார். பத்தொன்பது வருடம் என் பஸ்ஸில் கண்டக்டர். இன்னும் ஒன்றரை வருடம் சர்வீஸ் இருக்கிறது. வண்டியைப் பார்த்து, "டிரைவரண்ணா, ராஜாவாட்ட இருக்குது. ஆனா ஒத்த சீட்டு? அக்கா எங்க உக்காருவாங்க?" என்று, கேட்கக் கூடாததைக் கேட்டார். சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். எழுதாமல் இருப்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, பல்லடத்தில் மயிலாவின் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, பழைய மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். குண்டடத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம். வாட்ச்மேன் ரோட்டின் நடுவே நின்று ஒரு விசில் ஊதினார். நிறுத்தினேன். பிள்ளைகள் கடந்தார்கள். அந்த இடைவெளியில் மயிலா கொய்யாப்பழம் வாங்க இறங்கியிருக்கிறாள். நான் அப்போது புது டெப்போ மேனேஜரின் அக்கிரமங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கடந்து முடிந்ததும் வாட்ச்மேன் இரண்டு விசில் ஊதினார்.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. பஸ் டிரைவருக்கு இதுதான் வேதம். ஆள் ஏறியாயிற்றா இறங்கியாயிற்றா என்று பார்ப்பது கண்டக்டர் பாடு. இரண்டு விசில் கேட்டால் என் கால் என்னைக் கேட்காது. கிளம்பிவிட்டேன்.

குண்டடத்திலிருந்து எங்கள் வீடு பதினாறு கிலோமீட்டர். பதினாறும் பேசிக்கொண்டே வந்தேன். வாசலில் நிறுத்தி, "பையை எடுத்துக்கோ" என்று திரும்பினால் ஆளைக் காணோம்.

பதறி அடித்துத் திரும்பிப் போனேன். கொய்யாக்காரர், "அந்தம்மா அப்பவே பஸ்ஸேறிட்டாங்களே" என்றார். அவள் பையும் போனும் என் மொபெட்டில் தொங்கின. அவள் கைநீட்டி நிறுத்திய பஸ்ஸில் யார் கண்டக்டர் தெரியுமா? சுல்தான் பாய். மறுநாள் டெப்போவில் என்னைப் பார்த்ததும் ஆளாளுக்கு, "அண்ணா, வூட்டுல எல்லாரும் ஏறியாச்சா?" என்றார்கள். ஓய்வு பெறும் நாள் வரை கேட்டார்கள். சால்வை போர்த்தும்போதுகூட ஒருத்தன் கேட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அன்று மயிலா அழவில்லை, சண்டை போடவில்லை. கொய்யாப்பழத்தைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "பதினாறு கிலோமீட்டரு பேசிட்டே வந்தீங்களே, நான் ஒரு 'ம்' கூடக் கொட்டலையேன்னு தெரியலீங்களா?"

நான் சொன்ன பதில்: "எறங்கறவ சொல்லிட்டு எறங்கியிருக்கலாமல்ல?"

"சொன்னேனுங்" என்றாள். அதன் பிறகு ஏறவில்லை.

ஜூன் 20, வெள்ளி

புது சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன். போலீஸ் பிடிப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். அதுதான் காரணம். கோழிகளும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

ஜூன் 27, வெள்ளி

பின் சீட்டைத் திரும்ப மாட்டினேன். லக்கேஜ் கட்ட இடம் வேண்டுமே. கோழிக்கூண்டுக் கம்பியையும் மாட்டினேன், லக்கேஜ் சக்கரத்தில் சிக்கக் கூடாதல்லவா?

மயிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "லக்கேஜு சேல கட்டிட்டு வருமுங்களா?" என்றாள்.

ஜூலை 5, சனி

பின்பக்கம் கனம் ஏற்றினால் வண்டி எப்படி நிற்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டை இரண்டு, அதன்மேல் ஒரு சின்னப் பை ராகி. எல்லாம் சேர்ந்து அறுபத்திரண்டு கிலோ. சும்மா தோன்றிய எடை. கயிற்றால் கட்டி, அமராவதிப் பாலம் வரை போய் வந்தேன். வேகத்தடையில் மெதுவாக இறக்கினால் மூட்டை அசையவே இல்லை. பரம திருப்தி.

ஜூலை 6, ஞாயிறு

மானம் போயிற்று. காலையில் சுல்தான் பாய் போன் செய்து மயிலாவிடம் பேசியிருக்கிறார். இட்லி வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கி அடக்கிப் பார்க்கிறாள், முடியவில்லை.

"ஏனுங், பாலத்துக்கிட்ட அரிசி மூட்டயோட பேசுனீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"பாய் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தாராமா. திரும்பிப் பாத்து 'ஏறிட்டயா?'ன்னு கேட்டுப்போட்டு, அப்பறமேலுதான் வண்டிய எடுத்தீங்களாமா."

"கயிறு இறுக்கமா இருக்கான்னு பார்த்தேன்."

"மூட்ட என்னங் சொல்லுச்சு?"

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். உண்மையில் அந்த மூட்டையிடம் கேட்க எனக்குக் கூச்சமே இல்லை. வாயில் சுலபமாக வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

முதுகு சாயப் பின்னால் ஒரு பேக்ரெஸ்ட் மாட்டினேன். முதலில் தலைகீழாக மாட்டிவிட்டேன், இரண்டாம் தடவை சரி. இடதுபக்கம் கால் வைக்க அகலமாக ஒரு பலகையும் வைத்தேன். அது எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லவில்லை. மயிலா டி.வி. பார்க்க உட்காரும் மோடாவின் உயரத்தை டேப் பிடித்து அளந்துகொண்டேன். அதில் உட்கார்ந்தால் அவள் கால் தொங்காது, மடங்கவும் மடங்காது. பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும் அளவு.

அளந்துகொண்டிருக்கும்போது வந்துவிட்டாள். "மோடாவுக்கும் சக்கரம் மாட்டறீங்களா?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

பஸ்ஸில் தலைக்குமேலே ஒரு கண்ணாடி உண்டு. அதில் பார்த்தால் பயணிகள், கண்டக்டர், கூடைக்காரிகள், தூங்குகிறவன் வாய் எல்லாம் தெரியும். பைக்கில் இருக்கும் இரண்டு கண்ணாடியும் ரோட்டைத்தான் காட்டுகின்றன. அதனால் மூன்றாவதாக ஒரு வட்டக் கண்ணாடி, ஹேண்டில் பாரில், பின் சீட்டைப் பார்த்த மாதிரி வைத்தேன். திருகித் திருகிச் சரிசெய்ய அரை நாள் ஆயிற்று. இப்போது அதில் பார்த்தால் பேக்ரெஸ்ட் முழுசாகத் தெரிகிறது. வெறும் பேக்ரெஸ்ட்.

கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று மயிலா கேட்கவில்லை. போகும்போது குனிந்து அதில் தன் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போக மயிலா பச்சைச் சேலை கட்டி, முளைப்பாரித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிடித்த ஆட்டோ தெருவில் நின்றது. நானும் வண்டியைத் துடைத்து, வாசலுக்கு நேராக நிறுத்தி, பக்கத்தில் நின்றேன். புதிதாக வாங்கிய இன்னொரு ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது. முகம் திறந்த மாதிரி, பின்பக்கம் பூ நசுங்காத மாதிரி. ஸ்பேர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் நின்றாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நன்றாக நின்றாள், ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு வாய்வரை வந்தது.

"ஆட்டோ நல்ல ஆட்டோவா?" என்று கேட்டேன்.

"நல்ல ஆட்டோதானுங்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்விட்டாள்.

செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பகல் முழுவதும் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பல்லடத்துத் தங்கை புது வீடு கட்டியிருக்கிறாள். 29-ஆம் தேதி குடிபுகுகிறார்கள். பத்திரிகை வந்தது.

"நீங்க பைக்குல வந்துருங். நான் ஆறேகால் பஸ்ஸுல போயிர்றேன்" என்றாள் மயிலா. கோபமாகச் சொல்லவில்லை, உப்புக் கம்மி என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்கு, ஒரே ரோட்டில், அவள் பஸ்ஸில், நான் பைக்கில். ஒருவேளை நான் அந்த பஸ்ஸை ஓவர்டேக் செய்தால் டாட்டா காட்டுவாளோ என்னவோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டியில் இன்னும் என்ன குறை என்று யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? பின்னால் இருப்பவரிடம் ஒரு விசில் இருந்தால், அவர் ஊதாமல் நான் எடுக்க மாட்டேன் என்று ஒரு சட்டம் இருந்தால், எந்த வாட்ச்மேன் எங்கே ஊதினால் என்ன? பேக்ரெஸ்டில் சின்னக் கொக்கி ஒன்று வைத்தேன், விசில் தொங்கப்போட. கடையில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக், பிள்ளைகள் விளையாடுவது. அசல் பித்தளை விசில் வேண்டும்.

சுல்தான் பாய்க்குப் போன் செய்தேன். "பாய், உங்களோட பழைய பித்தளை விசில் இருக்குதல்ல, அதைக் கொடுங்க."

"அண்ணா, அது உங்க வூட்டுலதான் இருக்குது."

"எங்க வீட்டிலயா?"

"அன்னைக்குக் குண்டடத்துல அக்கா ஏறுனாங்கல்ல, கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. கழுத்துல இருந்ததக் கழட்டிக் குடுத்து, 'அக்கா, இனி நீங்க ரெண்டு விசிலு ஊதுனாத்தான் அண்ணன் வண்டிய எடுக்கோணும், மத்தவன் ஊதுனா எடுக்கப்படாது'ன்னு சொன்னேன். சிரிச்சுப்போட்டாங்க. வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு வருசமாச்சே, அவுங்க ஊதவே இல்லீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அழுதாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் கொய்யாப்பழம்தான் காட்டினாள். இரண்டு வருடமாக விசிலும் வீட்டில் இருந்திருக்கிறது. அவள் ஏற மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் ஏறு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வார்த்தைக்குப் பதிலாக மூன்று மாதம் ஸ்பேனர் பிடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சொல்லவில்லை. ரேஷனுக்குப் போய்வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மயிலா பஸ்ஸுக்காகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். நேரே போய் எதிரில் நின்றேன். லைசென்ஸ் டெஸ்ட் கொடுக்கப் போனவனைப் போல நிமிர்ந்துகொண்டேன்.

"மயிலா, அன்னைக்கு நீ சொல்லிட்டுத்தான் இறங்கினே. நான்தான் கேட்கலை. என்மேலதான் தப்பு."

அவள் பை கட்டுவதை நிறுத்தவில்லை.

"நாளைக்கு என்கூட வண்டியில வர்றியா?"

நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு என் கேள்வியைக் கிடப்பில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கடுகு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தேன். உள்ளே கைவிட்டு, கடுகு ஒட்டிய பித்தளை விசிலை எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்குத் தேதி இருவத்தொம்பதுங்களா? நாளையோட ரெண்டு வருசம் ரெண்டு மாசம் ஆச்சுங் இந்த ஒரு வார்த்தைக்கு. மூட்டகிட்டக் கூட ஒண்ணர மாசத்துக்கு முன்னாலயே கேட்டுப்போட்டீங்க."

அப்புறம் அவள் அழுதாள். நானும்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

புறப்பாடு காலை 5.40. பயணிகள் ஒருவர்.

பலகையில் கால் வைத்து, பேக்ரெஸ்டில் சாய்ந்து, சேலையை இழுத்துச் செருகி, "மோடா மாதிரியேதான் இருக்குதுங்" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். பேக்ரெஸ்ட் தெரியவில்லை, அவள் முகம் தெரிந்தது. இரண்டு விசில் ஊதினாள். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கையில் அதிகாரம் வந்தால் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். பல்லடம் போவதற்குள் ஒன்பது தடவை ஒற்றை விசில். பூக்காரி, நுங்கு, ஒரு வேப்பமரம் அழகாக இருந்தது, தெரிந்தவர் மாதிரி ஒருவர் நடந்துபோனார், அவர் தெரிந்தவர் இல்லை. எல்லாவற்றுக்கும் நிறுத்தினேன். டவுன் பஸ்கூட இத்தனை ஸ்டாப்பில் நின்றதில்லை. இடையில் அவள்தான் பேசினாள். தங்கை வீட்டுக்கு வடக்குப் பார்த்த வாசல் சரியில்லை என்பது முதல் அரிசி மூட்டையில் வண்டு விழுந்தது வரை. நான் 'ம்' கொட்டினேன். இரண்டு இடத்தில் 'ம்' தவறிப்போனதற்கு முதுகில் விரலால் தட்டினாள்.

திரும்பும்போது, மணி நாலேகால் இருக்கும், குண்டடம். அதே பள்ளிக்கூட வாசல். அதே வாட்ச்மேன், கொஞ்சம் நரைத்திருக்கிறார். ஒரு விசில் ஊதினார். நிறுத்தினேன். பிள்ளைகள் கடந்தார்கள்.

"கொய்யாப்பழம் வாங்கிட்டு வர்றேனுங்" என்றாள் மயிலா.

"சரி. நான் நிக்கிறேன்" என்றேன். இறங்கினாள்.

பிள்ளைகள் கடந்து முடிந்தார்கள். வாட்ச்மேன் இரண்டு விசில் ஊதினார்.

என் இடது கால் தானாக கியருக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அனுப்பவில்லை. வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். பேக்ரெஸ்ட். வெறும் பேக்ரெஸ்ட். காலை எடுத்துத் தரையில் ஊன்றி, வண்டியை அணைத்துவிட்டேன்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் எங்கள் டெப்போ பஸ். டிரைவர் தலையை நீட்டி, "நாச்சிமுத்தண்ணா! ரைட்டு, ரைட்டு! எடுங்க!" என்று கத்தினான். வாட்ச்மேன் என் முகத்துக்கு நேராக வந்து இன்னும் இரண்டு விசில் ஊதினார். "ஆள் ஏறலைங்க" என்றேன்.

மயிலா கொய்யா வண்டியில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு பழமாக எடுத்து, மோந்து, திருப்பி வைத்து, வேறு எடுத்தாள். அத்தனை நிதானமாக அவள் தாலிகூடக் கட்டிக்கொண்டதில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அசையவில்லை. லாரிக்காரன் என் பரம்பரையைப் பற்றி ஏதோ சொன்னான். சொல்லட்டும்.

கடைசியில் வந்தாள். ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் வந்தது, சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத முகம். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிலுக்காகக் காத்திருந்தேன். விசில் வரவில்லை. அது கொக்கியிலேயே தொங்கியது.

"போலாமுங்" என்றாள், மெதுவாக, ஹாரன் சத்தத்துக்கு நடுவே.

கேட்டது. எடுத்தேன்.